பாம்புக்கடிக்கு ஆயுர்வேதத்தில் உண்மையிலேயே அவசர சிகிச்சை இருந்ததா? வீட்டில் ஒரு மாதமாகச் சண்டை

தோப்புக்காரன்_கொல்லங்கோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பாலக்காடு ஜில்லா, கொல்லங்கோடு பக்கம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். போன மாதம் அறுப்பு முடிந்து வைக்கோல் கட்டைத் தூக்கும்போது அப்பாவை அணலி கடித்துவிட்டது. அணலி என்றால் தமிழ்நாட்டில் சொல்லும் கண்ணாடி விரியன். வலது காலில், சுண்டுவிரலை ஒட்டி. அப்போது மணி மாலை ஆறரை.

பெரியப்பா கொடிக்கயிற்றை அறுத்து வந்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். பிறகு ஆரம்பித்தது வாக்குவாதம். 3 கிலோமீட்டரில் ஒரு விஷவைத்தியர் வீடு இருக்கிறது, அங்கே போவோம் என்றார் பெரியப்பா. அம்மா ஆஸ்பத்திரி என்றார். நான் வண்டியை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், இவர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். 40 நிமிடம். அப்பா எச்சில் துப்பினார், ரத்தமாக வந்தது. அதைப் பார்த்ததும்தான் பேச்சு நின்றது.

ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி 20 குப்பி ஏற்றினார்கள். சிறுநீர் குறைந்துபோய் 3 தடவை டயாலிசிஸ். 11 நாள் படுக்கை. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது வீட்டில் இருக்கிறார், நடக்கிறார், ஆனால் பாதத்தின் ஓரத்தில் புண் ஆறவில்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனையில் கிரியாட்டினின் 1.8.

பெரியப்பா இன்னும் விடவில்லை. "வைத்தியரிடம் போயிருந்தால் வில்வாதி குளிகை கொடுத்திருப்பார், விரல் போயிருக்காது, கிட்னியும் கெட்டிருக்காது. உங்கள் இங்கிலீஷ் மருந்துதான் கெடுத்தது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். எங்கள் கொள்ளுத்தாத்தா விஷவைத்தியம் பார்த்தவராம். அதற்குச் சாட்சியாகப் பரணில் ஒரு ஓலைக்கட்டு இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை.

என் கேள்விகள். ஆயுர்வேதம் என்றால் முட்டிவலிக்கு எண்ணெய், பிழிச்சில், பத்தியம் என்றுதான் எனக்குத் தெரியும். அதில் உயிர் போகிற அவசரத்துக்கு வைத்தியம் என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா? இருந்தால் அன்றைக்கு அது அப்பாவுக்கு உதவியிருக்குமா? இப்போது ஆறாத புண்ணுக்கு அந்த வைத்தியரிடம் போகலாமா? பெரியப்பாவைத் திட்டி யாரும் பதில் எழுத வேண்டாம். அவரும் இதைப் படிப்பார்.

---

ஆயக்குடி_மாமா எழுதியது:

தம்பி, அப்பா பிழைத்து வந்தாரே, அதுவே போதும்.

எங்கள் அம்மாச்சி சிறியாநங்கை இலையை அரைத்துக் கொடுத்து எத்தனையோ பேரை எழுப்பி உட்கார வைத்திருக்கிறார். மிளகைக் கடிக்கச் சொல்வார். காரம் தெரியவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். காரம் தெரிகிற வரைக்கும் சிறியாநங்கை கொடுத்துக்கொண்டே இருப்பார். ஒருத்தரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதில்லை. உங்கள் பெரியப்பா சொல்வதைச் சும்மா தள்ளிவிடாதீர்கள்.

---

அகதம்_அக்கா எழுதியது:

தம்பி, நான் நாகர்கோவில்காரி. கேரளத்தில் பி.ஏ.எம்.எஸ். என்கிற ஆயுர்வேத டாக்டர் படிப்புப் படித்து, அப்புறம் அகத தந்திரத்திலேயே மேல்படிப்பும் முடித்து, இப்போது உங்கள் ஜில்லாவிலேயேதான் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். அகத தந்திரம் என்றால் விஷத்துக்கான வைத்தியம். ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்று. எட்டில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், உங்கள் முதல் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. இருந்தது. நன்றாகவே இருந்தது. பிழிச்சிலும் உழிச்சிலும் பிற்பாடு சுற்றுலாப் பயணிகளுக்காக முன்னால் வந்து நின்ற முகம்.

சுசுருதர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் கல்பஸ்தானம் என்று ஒரு பகுதி முழுக்க விஷம்தான். அதில் மண்டலி வகைப் பாம்பு கடித்தால் என்ன ஆகும் என்று எழுதியிருப்பதைச் சொல்கிறேன், உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டு கேளுங்கள். எரிச்சல். தாகம். குளிர்ச்சி வேண்டும் என்று ஏங்குவது. மயக்கம். மேல்வழியாகவும் கீழ்வழியாகவும் ரத்தம் போவது. வீக்கம். கடிவாய் அழுகுவது, சதை உதிர்வது. உடம்பில் வட்டவட்டமாகப் புள்ளி உள்ள பாம்புகளைத்தான் மண்டலி என்றார்கள். உங்கள் அணலி அந்தக் குடும்பம். படமெடுப்பதை தர்வீகரம் என்றார்கள், அதற்குச் சொன்ன குறிகள் தலை பாரம், கழுத்தும் இடுப்பும் துவள்வது, குரல் அடைப்பது. கோடு போட்டதை ராஜிமான் என்றார்கள். அதற்குக் கோழை வழிவது, தொண்டையில் கொரகொரவென்று சத்தம், மூச்சு முட்டுவது. நஞ்சு நரம்பைத் தாக்குகிறதா ரத்தத்தைத் தாக்குகிறதா என்று இன்றைக்குப் பிரிக்கிறோமே, அதை ஆய்வகம் இல்லாமல் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தே பிரித்திருக்கிறார்கள். முதல் வருடம் இதைப் படித்தபோது மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டினேன். நோயாளியைப் பார்த்த பிறகுதான் எழுதியவனும் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறான் என்று உறைத்தது.

சிகிச்சைக்கு வருவோம். இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகர் விஷத்துக்கு 24 உபாயங்கள் சொல்கிறார். மந்திரம், கட்டுப் போடுவது, கீறுவது, பிழிவது, உறிஞ்சுவது, சுடுவது, ரத்தம் எடுப்பது, வாந்தி, பேதி, மூக்கில் மருந்து, கண்ணில் மை, இப்படிப் போகும். அதில் ஹிருதயாவரணம் என்று ஒன்று உண்டு, நெய் போன்றவற்றைக் குடிக்கவைத்து விஷம் இதயத்தைத் தொடாமல் காப்பது. எல்லாம் கலந்து கொடுப்பதில்லை, வேளை உண்டு. சுசுருதர் விஷம் ஏறுவதை 7 வேகமாகப் பிரித்து, நாகம் என்றால் முதல் வேகத்தில் ரத்தம் எடு, இரண்டாவதில் தேனும் நெய்யும் சேர்த்து மருந்து குடிக்கக் கொடு, மூன்றாவதில் மூக்கிலும் கண்ணிலும் மருந்து, நான்காவதில் வாந்தி என்று படிப்படியாகச் சொல்கிறார். ஏழாவதில் உச்சந்தலையில் காக்கைக்கால் மாதிரிக் கீறுவது வரைக்கும் போகும். உங்கள் ஆஸ்பத்திரி வார்டு சுவரில் ஒட்டியிருக்கும் சிகிச்சை அட்டவணை எப்படியோ, அப்படி.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வாக்படர் என்கிற இன்னொரு பழைய ஆசிரியர் சொல்லும் கணக்கு. கடித்த இடத்தில் விஷம் 100 மாத்திரை நேரம் நிற்கும், அதற்குப் பிறகுதான் உடம்புக்குள் கிளம்பும் என்கிறார். பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் படித்தோமே, கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம், அந்த மாத்திரைதான். 100 மாத்திரை சேர்த்தாலும் ஒன்றிரண்டு நிமிடத்தைத் தாண்டாது. உடலியல்படி அந்தக் கணக்கு சரியா என்பது வேறு விஷயம். ஆனால் எழுதியவருடைய பதற்றத்தைப் பாருங்கள். கையில் கடிகாரம் இல்லாத காலத்தில் மாத்திரையை எண்ணிக்கொண்டு நிற்கிறார். உங்கள் வீட்டு வாசலில் போன 40 நிமிடத்தை அவரிடம் சொன்னால் பெரியப்பாவைத்தான் முதலில் கோபித்துக்கொள்வார். (பெரியப்பா, மன்னிக்கவும். திட்டவில்லை.)

அதே வாக்படர்தான் கடிபட்டவன் உடனே அந்தப் பாம்பைப் பிடித்துத் திருப்பிக் கடிக்க வேண்டும், பாம்பு கிடைக்காவிட்டால் மண்ணாங்கட்டியையாவது கடிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நூலில் இருக்கிறது என்பதற்காக அத்தனையும் நல்லது என்று பேசுகிறவர்கள் இந்த வரிக்கு வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

கட்டு விஷயம். மடை கட்டி நீரை நிறுத்துவதுபோலக் கட்டுப் போட்டால் விஷம் நிற்கும் என்கிறார் வாக்படர். கேட்க அழகாக இருக்கிறது. உங்கள் பெரியப்பா செய்ததும் அதைத்தான். ஆனால் மண்டலி விஷம் கடிவாயில் இருக்கும் சதையையே அழிக்கிற விஷம். இறுக்கிக் கட்டினால் அது அங்கேயே தேங்குகிறது, ரத்த ஓட்டமும் போய்விடுகிறது, அவிழ்க்கும்போது மொத்தமும் ஒரேயடியாக மேலே ஏறுகிறது. விரல் போனதற்குக் கட்டுத்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அணலி கடித்த விரல் கட்டாமலும் போகும். அதைப் பற்றி வீட்டில் யாரும் யாரையும் குத்திப் பேச வேண்டாம். ஆச்சரியம் என்னவென்றால் மண்டலி கடித்தால் மட்டும் சுடவே சுடாதே, சுட்டால் கடிவாய் இன்னும் பரவும் என்று சுசுருதரே எச்சரிக்கிறார். எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். கட்டைப் பற்றிய எச்சரிக்கை அவர்களுக்குப் பிறகு வந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு அப்பாவுக்கு வில்வாதி குளிகை உதவியிருக்குமா என்று கேட்டீர்கள். உதவியிருக்காது.

வில்வாதி குளிகை என் அலமாரியிலும் இருக்கிறது. வில்வ வேர், துளசிப் பூ, புங்கங்காய், தகரம், தேவதாரு, திரிபலா, திரிகடுகு, இரண்டு மஞ்சள். எல்லாவற்றையும் ஆட்டு மூத்திரத்தில் அரைத்து உருட்டுவது. படிக்கும்போது நாங்கள் 6 பேர் முறைவைத்து அம்மியில் அரைத்தோம், ஒரு வாரத்துக்கு விடுதியில் யாரும் எங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. வண்டுக்கடிக்கும் பூச்சிக்கடித் தடிப்புக்கும் சில வயிற்றுக் கோளாறுக்கும் நான் கொடுக்கிறேன். ஆனால் அணலி விஷம் ரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருட்களையெல்லாம் தின்று தீர்த்துவிடுகிறது. அப்பாவின் எச்சிலில் ரத்தம் வந்தது அதனால்தான். ரத்தத்தில் ஓடும் அந்த விஷத்தைப் பிடித்து முடக்குவது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் விஷமுறிவு மருந்து மட்டுமே. அதுவும் ஓடுகிற விஷத்தைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தையும் செத்த சதையையும் அதனால் திருப்பித் தர முடியாது. கிட்னியைக் கெடுத்தது ஊசி இல்லை, விஷம்.

"இங்கிலீஷ் மருந்து" என்கிறாரே பெரியப்பா, அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார் தெரியுமா? சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978லிருந்து. அவர்கள் பிடித்துப் பல்லை அழுத்தி எடுக்கும் விஷம்தான் மருந்து செய்கிறவர்களுக்குப் போகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து. ஒரு விஷத்தை இன்னொரு விஷத்தால் அடிப்பதைப் பிரதிவிஷம் என்று சரகரும் அந்த 24ல் வைத்திருக்கிறார். அவர் சொன்னது வேர் விஷத்தை. முறை வேறு, ஆனாலும் அவர் இதைப் பார்த்திருந்தால் 25வதாகச் சேர்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆயக்குடி அண்ணா, உங்கள் அம்மாச்சி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கடித்த பாம்பில் பெரும்பாதி விஷமில்லாதது. விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். அவர்கள் சிறியாநங்கை தின்றாலும் பிழைப்பார்கள், சீடை தின்றாலும் பிழைப்பார்கள். எழுந்து நடந்தவர் ஊரெல்லாம் சொல்வார். எழாதவர் சொல்ல வரமாட்டார். மிளகின் காரம் தெரிகிறதா என்பது பயத்தில் நாக்கு வறண்டிருப்பவனிடம் கேட்கும் கேள்வி இல்லை.

இதை நான் மேட்டில் நின்று சொல்லவில்லை. பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஓர் ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் இரவுப் பணி. விடியற்காலை 5 மணிக்கு ஒருவரை அழைத்து வந்தார்கள். கூலி வேலை, தரையில் படுத்துத் தூங்குகிறவர். வயிற்றுவலி, வாந்தி. கடி இல்லை, வீக்கம் இல்லை, யாரும் பாம்பு என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. வாயு என்று நினைத்து ஹிங்குவசாதி குளிகையை வெந்நீரில் கொடுத்தேன். கால்மணி கழித்து அவர் மனைவி வந்து, "டாக்டரே, இவர் குடிக்கமாட்டார், ஆனால் குடித்தவர் மாதிரிப் பார்க்கிறார்" என்றார். போய்ப் பார்த்தால் இரண்டு இமையும் பாதி இறங்கியிருக்கிறது. விரலால் தூக்கிவிட்டேன், மறுபடியும் இறங்கியது. எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரத்தில் வழிகிறது. தொண்டையில் அந்தக் கொரகொர.

கட்டுவிரியன். ராத்திரியில் தரையில் படுத்தவனைக் கடிக்கும், வலிக்காது, தடமும் தெரியாது, விடியலில் வயிற்றைப் பிசையும். ராஜிமான் குறிகளை ஒப்பித்து நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். எதிரில் உட்கார்ந்திருந்தபோது தெரியவில்லை. ஜீப்பில் ஏற்றிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், நானும் கூடப் போனேன், வழியெல்லாம் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. 4 நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தார். அவர் மனைவி அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்காவிட்டால் நான் இரண்டாவது குளிகை கொடுத்திருப்பேன். விழுங்க முடியாத தொண்டையில்.

விஷம் மட்டும்தானா என்றால் இல்லை. ரத்தப்போக்கை நிறுத்த சுசுருதர் நாலு வழி சொல்கிறார். துவர்ப்புப் பொருளால் புண்வாயைக் கூட்டுவது, குளிர்ச்சியால் உறையவைப்பது, சாம்பலால் வற்றவைப்பது, எதற்கும் நிற்காவிட்டால் கடைசியில் சுடுவது. தண்ணீரில் மூழ்கியவனைத் தலைகீழாக்கி வயிற்றை அமுக்கச் சொல்கிறார், அல்லது கழுத்து வரைக்கும் சாம்பல் குவியலில் புதைக்கச் சொல்கிறார். சோறு தொண்டையில் அடைத்தால் அவனுக்குத் தெரியாமல் திடீரென்று தோளில் குத்து என்கிறார். எனக்குப் பிடித்தது மீன்முள் மாதிரி எலும்பு சிக்கினால் செய்வது. முடியை உருண்டையாக்கி நல்ல நூலில் கட்டி, கஞ்சியோடு விழுங்கவைத்து, வயிறு முட்டக் குடிக்கவைத்து, வாந்தி வரும்போது முள் முடியில் மாட்டிக்கொண்டது தெரிந்ததும் நூலைச் சட்டென்று இழுக்க வேண்டும். நூலைப் பிடித்திருப்பவனின் கைப்பக்குவத்தை யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு யாரும் செய்து பார்க்க வேண்டாம், சாம்பல் குவியலும் வேண்டாம். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு விதி என்று உட்கார்ந்தவர்கள் இல்லை இவர்கள்.

கேரளத்து விஷவைத்தியக் குடும்பங்கள் மலையாளத்தில் தனி நூல்களே வைத்திருந்தன. காராட்டு நம்பூதிரியின் ஜ்யோத்ஸ்னிகா, கொச்சி ராஜ வம்சத்து கொச்சுண்ணித் தம்புரானின் பிரயோகசமுச்சயம். விஷத்துக்குக் காசு வாங்கக்கூடாது என்பது பல குடும்பங்களில் கட்டுப்பாடு. ராத்திரி எந்நேரம் கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டும். அந்த ஒழுங்கு எனக்குப் பெரிதாகப் படுகிறது. செய்தி சொல்ல வருகிறவன் எந்தக் காலை முன்வைத்தான், எந்தத் திசையில் நின்றான் என்று பார்த்துப் பிழைப்பானா மாட்டானா என்று சொல்லும் பகுதியும் இருக்கிறது. அது எனக்கு ஒத்துவரவில்லை.

உங்கள் ஆறாத புண்ணைப் பற்றி. முதலில் விரலை எடுத்த சர்ஜனிடமே காட்டுங்கள், எலும்பில் சீழ் இருக்கிறதா என்று படம் எடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கிரியாட்டினின் 1.8 இருக்கும்போது கஷாயம், குளிகை, பஸ்மம் எதையும் வாயில் போட வேண்டாம், அது என் கடையில் வாங்கியதாக இருந்தாலும் சரி. வைத்தியரைப் போய்ப் பார்ப்பதில் தப்பே இல்லை. பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். போய், "அன்றைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்" என்று நேரடியாகக் கேளுங்கள்.

---

ராத்திரி_டூட்டி எழுதியது:

அக்கா சொன்னதற்குப் பிறகு எனக்கு வேலை அதிகமில்லை. நான் கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரு தாலுகா அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், 14 வருடம். எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

கடிவாயில் பச்சிலை அரைத்துப் பூசிக்கொண்டு வருகிறார்கள். அதைக் கழுவினால்தான் கடியே தெரியும், கழுவுகிற நேரமும் போச்சு. வாயில் ஏதாவது கொடுத்தே அனுப்புகிறார்கள். விழுங்க முடியாதவர்களுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். தண்ணீர்கூட வேண்டாம்.

அணலி என்று நினைத்தால் நாங்கள் செய்யும் சோதனைக்கு மெஷின் வேண்டாம். 2 மில்லி ரத்தத்தை ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் தொடாமல் வைப்போம். பிளாஸ்டிக் குழாய் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது, இரண்டிலும் நல்ல ரத்தமே உறையாது. 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால் ஊசி. அந்த 20 நிமிடத்தில் உறவுக்காரர்கள் எல்லோரும் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், சிலர் எடுத்து ஆட்டிப் பார்க்க வருவார்கள். ஆட்டினால் திரும்ப முதலிலிருந்து.

"ஊசி போட இவ்வளவு நேரமா" என்று எங்களிடம் சண்டைக்கு வருவார்கள். அந்த மருந்து பவுடராகத்தான் வரும். ஒவ்வொரு குப்பியிலும் 10 மில்லி விட்டுக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும், உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். 10 குப்பி என்றால் எத்தனை உருட்டல் என்று பாருங்கள். பக்கத்தில் அட்ரினலின் ஊசி தயாராக இருக்க வேண்டும், குதிரை மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் தடிப்பும் மூச்சிரைப்பும் வரும்.

கட்டு வேண்டாம், காலை ஒரு கட்டையோடு சேர்த்து எலும்பு முறிவுக்குக் கட்டுகிற மாதிரி அசையாமல் வைத்து, மோதிரம் மெட்டி கழற்றி, நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். 108 வரத் தாமதமானால் பைக்கில் நடுவில் உட்காரவைத்தாவது வாருங்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், தனியார் ஆஸ்பத்திரியும் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு இன்னொரு படிவம்.

---

ஆயக்குடி_மாமா எழுதியது:

விழுங்க முடியாத தொண்டை விஷயம் எனக்குத் தெரியாது. அம்மாச்சிக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கொடுக்கும்போது இரண்டு பேர் எழவில்லை என்று என் அம்மா பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அக்காவிடம் ஒரு கேள்வி. எங்கள் பக்கம் மலையில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களை ஒரு சின்னப் பாம்பு கடிக்கிறது, மூக்கு கொஞ்சம் தூக்கியிருக்கும். அதற்கு ஊசியே வேலை செய்யாது என்கிறார்களே?

---

அகதம்_அக்கா எழுதியது:

உண்மைதான் அண்ணா. மலையாளத்தில் முழமூக்கன் என்பார்கள், மேற்குத் தொடர்ச்சி மலையில் காப்பி, ரப்பர் தோட்டங்களில் இருக்கும். இந்தியாவில் கிடைக்கும் மருந்து அந்த நாலு பாம்புக்கானது, இதற்குப் பலன் தராது. அதனால் வைத்தியர் வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். இதுவும் சிலருக்குச் சிறுநீரகத்தை அடிக்கும், ரத்தம் உறையாமல் செய்யும். டயாலிசிஸ் மெஷின் இருக்கிற இடத்தில்தான் படுக்க வேண்டும்.

அந்த இரண்டு பேரைச் சொன்னதற்கு நன்றி. அதைச் சொல்வது சுலபமில்லை.

---

தோப்புக்காரன்_கொல்லங்கோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று போய் வந்தோம். பெரியப்பாவும் வந்தார்.

வைத்தியருக்கு வயது 78. திண்ணையில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா கடித்த கதையை முதலிலிருந்து சொன்னார். பாம்பின் பெயரைச் சொன்னதும் வைத்தியர் பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "அணலியா? எதற்கு இங்கே? நேரே அங்கே அனுப்பியிருப்பேன்" என்று மேற்கே கையைக் காட்டினார். கதவுநிலைக்குப் பக்கத்தில் சுவரில் கரிக்கட்டையால் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் நம்பராம். ராத்திரி தட்டுகிறவர்களுக்கு இவர் கொடுக்கும் முதல் மருந்து அதுதான் என்று அவர் மருமகள் சொல்லிச் சிரித்தார். அவருடைய அப்பா காலத்தில் மூன்று பேரை இந்தத் திண்ணையிலேயே பறிகொடுத்தார்களாம். ஊசி வந்த பிறகு இவர் கடிக்கு மருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டார். எட்டுக்கால் பூச்சிக்கும் பூரானுக்கும் மட்டும் பார்க்கிறார். அப்பாவின் புண்ணைக் குனிந்து பார்த்தார், மோந்து பார்த்தார், "உள்ளே இருக்கிறது, படம் எடு" என்றார். அக்கா சொன்ன அதே வார்த்தை. காசு வாங்கவில்லை. சர்க்கரை இருக்கிறது அக்கா, எழுத மறந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பெரியப்பா வண்டியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறி ஓலைக்கட்டை இறக்கிக் கொடுத்து, "இதை அந்த டாக்டரம்மாவிடம் காட்டு, எங்கள் தாத்தா அணலிக்கு என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கட்டும்" என்றார். விடுவதாக இல்லை. மேலாக இருந்த 5 ஓலையைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். தூசியைத் துடைக்கலாமா?

---

அகதம்_அக்கா எழுதியது:

ஈரத்துணி வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பஞ்சில் புல்தைலம் தொட்டு ஓலையின் ஓரத்தில் லேசாகத் தடவுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் அதன் மேல் தேய்க்காதீர்கள். கட்டின் கயிற்றை அவிழ்த்தால் வரிசை மாறாமல் வையுங்கள். சர்க்கரை விஷயத்தை சர்ஜனிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முதல் இரண்டும் ஒரு ஜாதகம். மூன்றாவது மலையாள எழுத்து, மாட்டுக்கு வயிறு உப்பினால் கொடுக்கும் மருந்து. நாலாவதில் "மண்டலி" என்ற சொல் இருக்கிறது, அதற்கு மேல் பூச்சி தின்றிருக்கிறது. ஐந்தாவதைத் தலைகீழாகப் படம் எடுத்திருக்கிறீர்கள். வெயிலில் வைத்து இன்னொரு தடவை எடுத்து அனுப்புங்கள்.